நொச்சியின் வேலையா, வெந்நீரின் வேலையா?

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வாய்க்கால் ஓரத்து வேலி முழுக்க நொச்சி. அம்மாவுக்கு 10 வருடமாகச் சர்க்கரை, இப்போது முழங்கால் வலியும் சேர்ந்திருக்கிறது. பாட்டி நொச்சித் தழையை வதக்கி ஒற்றடம் கொடுக்கிறார். அக்காவின் எட்டு மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு, நொச்சி ஆவி காட்டலாமா என்று வீட்டில் பேச்சு. அண்ணன் "எல்லாம் வெந்நீரின் வேலை, வேலியை வெட்டிவிட்டுக் கம்பி போடலாம்" என்கிறார். வாட்ஸப்பில் வந்த செய்தி, நொச்சியில் உள்ள ரசாயனம் புற்றுநோயையே போக்கும் என்கிறது. இந்த இரண்டில் எது உண்மை, நொச்சியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ரசாயனத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், பாட்டி செய்வதை விடலாமா தடுக்கலாமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சித்த மருத்துவம் படித்தவன். தருமபுரி பக்கம் 22 வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். நொச்சி இல்லாமல் ஒரு வாரம்கூட என் மருந்தகம் ஓடியதில்லை, அதனால் அதன்மேல் எனக்குப் பிரியம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வேதியியல் என் தொழில் அல்ல. படிப்பில் வந்தது, அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தது, அவ்வளவுதான்.

முதலில் செடி சரியான செடிதானா என்று பார்த்துவிடுங்கள். நொச்சி இலை ஒரே காம்பில் ஐந்து விரலாகவோ மூன்று விரலாகவோ பிரிந்திருக்கும். நடுவிரல் நீளம், அதற்கு மட்டும் குட்டிக் காம்பு தெளிவாகத் தெரியும். மேல்புறம் பச்சை, திருப்பினால் சாம்பல் பூசியது போல வெளுப்பு. குறுந்தொகையில் இந்த இலையை மயிலின் அடிக்கு ஒப்பிட்டிருக்கிறது; ஒரு இலையை மண்ணில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், இதைவிட நல்ல அடையாளக் குறிப்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இளங்கொம்பு உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கும். பூ ஊதாநீலம், கொத்தாக நிற்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதை லக்கி என்பார்கள், தெலுங்குக்காரர்கள் வாவிலி என்பார்கள். தாவரவியலில் இது துளசியும் புதினாவும் தும்பையும் இருக்கிற குடும்பம். கருநொச்சி என்று சொல்லி நாட்டுமருந்துக் கடைகளில் கொடுப்பது பல நேரம் முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. அதன் இலை விரலாகப் பிரியாது, தண்டு கருஞ்சிவப்பு ஓடியிருக்கும். பெயரில் நொச்சி இருப்பதால் மட்டும் குணமும் ஒன்றாகிவிடாது. இதில் நான் எழுதுவதெல்லாம் உங்கள் வேலியில் நிற்கும் வெள்ளை நொச்சியைப் பற்றி மட்டும்.

இனி அந்த வாசனை. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய சுரப்பி முடிகள் இருக்கின்றன. எண்ணெய் அவற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. செடியைத் தாண்டி நடந்தால் பெரிதாக மணக்காது. ஒரு இலையைக் கசக்கியதும் குப்பென்று ஏறுவது அந்தப் பைகள் உடைவதால்தான். கல்லூரியில் ஒரு முறை அரைக்கிலோ பச்சைத் தழையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூன்று மணி நேரம் வாலை வடித்தோம், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்தோம். அறை முழுக்க நொச்சி வாசனை, வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் குழாயில் நீருக்கு மேல் மிதந்தது வெளிர்மஞ்சளாக ஒரு மில்லிக்கும் குறைவான எண்ணெய். அரைக்கிலோ தழைக்கு அவ்வளவுதான். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தத் துளி எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. சபினீன், பைனீன், சினியோல் என்று லேசாக ஆவியாகும் சில. காரியோஃபிலீன், விரிடிஃப்ளோரால் என்று கொஞ்சம் கனமான சில. எது எத்தனை சதவிகிதம் என்று என்னிடம் கேட்காதீர்கள். இது சால்ஜாப்பு அல்ல. நொச்சி எண்ணெயை ஊர் ஊராக ஆராய்ந்தவர்களில் ஒருவருக்குச் சபினீன் அதிகம், இன்னொருவருக்கு விரிடிஃப்ளோரால் அதிகம், வேறொருவருக்குக் காரியோஃபிலீன். மண், பருவம், இலையின் முதிர்ச்சி, நிழலில் காய்ந்ததா வெயிலில் காய்ந்ததா என்பதெல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றிவிடுகின்றன. தென்பெண்ணைக் கரையில் நிற்கும் நொச்சியும் அஞ்செட்டிக் காட்டில் நிற்கும் நொச்சியும் ஒரே எண்ணெயைத் தரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாசனை மட்டுமே நொச்சி என்று நினைத்தால் பாதிச் செடியை விட்டுவிட்டோம். இலையை மென்றால் முதலில் காரசாரமாக ஒரு மணம், பிறகு நாக்கின் அடியில் நிற்கும் ஒரு கசப்பு. அந்தக் கசப்புக்கு முக்கியமான காரணம் அக்னுசைடு, நெகுண்டோசைடு என்ற பொருள்கள். இவை ஆவியாகாது, ஆனால் தண்ணீரில் கரையும். மூன்றாவதாகக் கேஸ்டிசின் என்று ஒன்று, லூட்டியோலின் வகைகள் சில. கேஸ்டிசின் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாது, சாராயத்திலும் எண்ணெய்ப்பசையிலும் இறங்கும்.

உங்கள் அண்ணனுக்கான பதில் இந்த இடத்தில் இருக்கிறது. ஆவி பிடிக்கும்போது உங்கள் மூக்குக்கு வருவது எண்ணெயின் லேசான பகுதி மட்டும்; கசப்புப் பொருள் ஒரு துளியும் ஆவியில் ஏறாது, அது பானையிலேயே கிடக்கும். திறந்த சட்டியில் கஷாயம் வைத்து எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சினால் வாசனை எல்லாம் கூரைக்குப் போய்விடும், வாய்க்கு வருவது கசப்புப் பொருள்கள். நல்லெண்ணெயில் சாற்றை ஊற்றித் தைலம் காய்ச்சினால், தண்ணீர் வற்றும்போது லேசான வாசனைகள் போய், கனமான காரியோஃபிலீனில் கொஞ்சமும் கேஸ்டிசின் போன்றவையும் எண்ணெயில் தங்க வாய்ப்புண்டு. இந்தக் கடைசிப் பாதி என் அனுமானம், கரையும் தன்மையை வைத்துச் சொல்கிறேன். ஆக, "நொச்சி மருந்தா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரே தழையில் மூன்று நான்கு மருந்து இருக்கிறது, எதை எடுக்கிறோம் என்பதை அடுப்பும் பாத்திரமும் தீர்மானிக்கின்றன. நம் முன்னோர் சளிக்கு மூடிய பானை, வாதத்துக்குத் தைலம், இரைப்புக்குக் குடிநீர் என்று தனித்தனியாக வைத்தது இதைத் தெரிந்து செய்ததா, பார்த்துப் பார்த்துச் சேர்ந்த பழக்கமா என்று சொல்ல முடியாது. பொருந்தி வருகிறது, அதைப் பார்த்து எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, ஆவிக்கு வருவோம். இதில் அண்ணன் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. சூடான ஈரக்காற்று சளியை இளக்கி, மூக்கைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மேல் சளிக்காலத்தைக் குறைக்கிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, நிச்சயமான பலன் தெரியவில்லை என்று 2017-இல் முடித்தது. நொச்சி அதில் என்ன கூட்டுகிறது? சினியோல் போன்ற பொருள்கள் மூக்கின் உள்ளே குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தொடுகின்றன, காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றும். புதினா உப்பை (மென்தால்) வைத்து அளந்தபோது மூக்கின் வழியாகப் போகும் காற்றின் அளவு மாறவே இல்லை, ஆனால் நோயாளிக்கு அடைப்பு விட்டது போல் இருந்தது. நொச்சியும் பெருமளவு இந்த வகை நிம்மதியைத்தான் தருகிறது என்று நினைக்கிறேன். நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூக்கடைத்துத் தூங்க முடியாத ராத்திரியில் அதுவே பெரிய விஷயம்.

ஆனால் "சினியோல் ஆஸ்துமாவுக்கும் நுரையீரல் அடைப்புக்கும் நல்லது என்று வெளிநாட்டிலேயே நிரூபித்திருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் அளவைக் கேளுங்கள். ஜெர்மனியில் நடந்த ஆய்வில் நாளைக்கு 600 மில்லிகிராம் சுத்தச் சினியோலை மாத்திரைக் கூட்டில் (கேப்சூல்) அடைத்து, மற்ற மருந்துகளோடு சேர்த்து ஆறு மாதம் கொடுத்தார்கள். மேலே சொன்ன அரைக்கிலோ தழையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டியில் போடுவது இரண்டு கைப்பிடி. அதில் இருக்கும் எண்ணெயே சில துளி, அதில் சினியோல் ஒரு பங்கு, அதிலும் முக்கால்வாசி போர்வைக்கு வெளியே போய்விடும்.

எட்டு மாதக் குழந்தைக்கு ஆவி காட்டாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது எல்லா நாட்டுத் தீக்காய வார்டுகளிலும் திரும்பத் திரும்பப் பதிவாகும் விபத்து. கைக்குழந்தையைப் போர்வைக்குள் பிடித்துக்கொண்டு தாய் உட்காரும்போது ஒரு உதை போதும். இரண்டாவது, இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூக்கருகே கற்பூரம், புதினா உப்பு, சினியோல் போன்ற காரமான வாசனைகளை வைத்தால் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோன நிகழ்வுகள் உண்டு. நொச்சி அவ்வளவு காரமில்லை என்று வாதாடலாம். உங்கள் வேலியில் உள்ள நொச்சியில் எது எவ்வளவு என்று தெரியாதபோது அந்த வாதம் எதற்கு? உப்புநீர்ச் சொட்டு இரண்டு விட்டு, பால் குடிக்கும் முன் மூக்கைத் துடைத்துவிடுங்கள். குழந்தை பால் குடிக்காமல் மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், ஆஸ்பத்திரி. பெரியவர்கள் பிடிப்பதானால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, ஐந்து பத்து நிமிடம் போதும். தழையைக் கொதிக்கும்போதே போடாமல், இறக்கியபின் கசக்கிப் போடுங்கள். கொதியில் போட்டால் நல்ல வாசனை எல்லாம் நீங்கள் குனிவதற்கு முன்பே போய்விடும். நொச்சி இலையை நிழலில் உலர்த்தித் தலையணையில் அடைத்துப் படுப்பதும் இந்த லேசான வாசனையை நம்பித்தான்; ஒரு மாதத்தில் வாசனை போனதும் தழையை மாற்ற வேண்டும், நம் ஊரில் பலர் வருடக்கணக்கில் தூசியோடு வைத்துக்கொண்டு தும்முகிறார்கள்.

அம்மாவின் முழங்கால்தான் உங்கள் கேள்வியில் கனமான பகுதி. 2003-இல் இலங்கையில் முதிர்ந்த பச்சை இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து வீக்கமும் வலியும் குறைவதைக் காட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்தியாவில் அப்படிப் பல ஆய்வுகள். ஒரே திசையில் இத்தனை ஆய்வு வருவதால், நொச்சியில் வீக்கத்தைக் குறைக்கும் பொருள் இருக்கிறது என்பதை நான் உறுதியான பக்கத்தில் வைக்கிறேன். காரியோஃபிலீனைப் பற்றி 2008-இல் ஒரு நல்ல கண்டுபிடிப்பு வந்தது: உடலில் வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிபி2 என்ற ஏற்பியோடு அது நேரடியாக ஒட்டுகிறது. இதே காரியோஃபிலீன் மிளகிலும் இலவங்கத்திலும் தாராளமாக இருக்கிறது. இரைப்புக்கு நொச்சி இலையோடு மிளகும் இலவங்கமும் பூண்டும் சேர்த்து மெல்லச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் முழங்காலின் மேல் வைத்த தழையிலிருந்து எவ்வளவு பொருள் தோலைத் தாண்டி மூட்டுக்குள் போகிறது என்பது சந்தேகத்தின் பக்கம். எலிக்கு வாய்வழி கொடுத்ததை வைத்து அம்மாவின் முட்டியில் கட்டிய கிழிக்குச் சான்றிதழ் தர முடியாது. ஒற்றடத்தில் பெரும் பங்கு சூட்டுக்கு, அடுத்த பங்கு பாட்டியின் கைக்கு. நொச்சியின் பங்கு மூன்றாவது என்று என் அனுபவம் சொல்கிறது. வெறும் மணல் ஒற்றடத்தைவிட நொச்சிக் கிழிக்கு நோயாளிகள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அதற்கு மேல் என்னிடம் அளவு கிடையாது.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால். தொழில் தொடங்கி மூன்றாவது வருடம். பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர், இரண்டு காலும் மரத்துப்போய்க் குத்துவலி என்று வந்தார். நொச்சி, வாதநாராயணன், தழுதாழை, ஆமணக்கு இலை நான்கையும் நறுக்கி விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் கிழி கட்டினேன். புறங்கையில் சூடு பார்த்துவிட்டு வைத்தேன். "சூடே இல்லைங்க டாக்டர், இன்னும் கொஞ்சம் காட்டுங்க" என்றார். காட்டினேன். மறுபடியும் "இதமாத்தான் இருக்குது, இன்னும் சூடா வைங்க" என்றார். அவர் பொறுமைசாலி என்று நினைத்தேனே தவிர, கால் உணர்ச்சி செத்துக் கிடக்கிறது என்று யோசிக்கவில்லை. மறுநாள் காலை மகன் கூட்டிவந்தார். கணுக்காலைச் சுற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு மூன்று கொப்புளம். பெரியவருக்கு வலியே இல்லை, செருப்புப் போட முடியவில்லை என்றுதான் வந்திருந்தார். ஆறுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. விரல் போகாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும்.

அன்றிலிருந்து சர்க்கரைக்காரர் யாராக இருந்தாலும் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சால் பாதத்தையும் முழங்காலையும் தொட்டு எந்த இடம் என்று கேட்பேன். சரியாகச் சொன்னால்தான் ஒற்றடம். அதையே நீங்களும் வீட்டில் செய்யலாம். அம்மாவுக்கு முழங்காலில் உணர்ச்சி சரியாக இருந்தால் பாட்டியின் ஒற்றடத்தை நிறுத்த வேண்டியதில்லை. சூட்டைப் பாட்டி தன் முன்னங்கையின் உட்புறத்தில் பார்க்கட்டும். உள்ளங்கை வேண்டாம், 50 வருடம் அடுப்பில் வெந்த உள்ளங்கை அது, அதற்கு எதுவும் சுடாது. கணுக்காலுக்குக் கீழே சூடு போகவே கூடாது. முட்டி சிவந்து கனன்று, காய்ச்சலும் சேர்ந்தால் ஒற்றடம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரம் மடங்காமல் இருந்தாலும் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். நொச்சித் தைலம் பூசி அதைத் தள்ளிப்போட்டு விரல் கோணிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தைலம் வீட்டில் காய்ச்சுவதானால் ஒன்றே ஒன்று: பதம். இலைச்சாறும் நல்லெண்ணெயும் சமமாக எடுத்துச் சிறு தீயில் கிளறுங்கள். அடியில் நிற்கும் வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் முதலில் சேறாக ஒட்டும், பிறகு மெழுகாகத் திரளும், கடைசியில் மணலாக உதிரும். வெளிப்பூச்சுக்கு மெழுகு தாண்டி மணலுக்கு வரும் நேரத்தில் இறக்கலாம். ஒரு திரியைத் தோய்த்துப் பற்றவைத்தால் சடசடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, பத்து நாளில் சிக்கு வாடை வரும். கடையில் வாங்கும் தைலத்தில் பச்சைக் கலரும் மூக்கைத் துளைக்கும் வாசனையும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். முறையாகக் காய்ச்சிய தைலம் அவ்வளவு மணக்காது, காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

உள்ளுக்குக் குடிப்பதில் நான் கொஞ்சம் கறார். மனிதர்களிடம் ஓரளவு உருப்படியான அனுபவம் இருப்பது இருமலுக்கு. பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே நொச்சியை லகுண்டி என்பார்கள். அந்நாட்டுச் சுகாதாரத்துறை பரிந்துரைக்கும் 10 மூலிகைகளில் அது ஒன்று, மாத்திரையாகவும் சிரப்பாகவும் மருந்துக்கடையில் விற்கிறது. அவர்கள் செய்த நல்ல காரியம், இலையை அளந்து தரப்படுத்தியது. நாம் இன்னும் "ஒரு கைப்பிடி" கணக்கில் நிற்கிறோம், யார் கை என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் இருமலுக்கு நொச்சிக் குடிநீர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் வேண்டாம். 1989-இல் வந்த ஆய்வில், விதையிலிருந்து பிரித்த பகுதியைக் கொடுத்த ஆண் நாய்களுக்கு விந்து உற்பத்தி குறைந்தது. இலைக்கும் ஹார்மோன் சாயல் உண்டு என்று எலி ஆய்வுகள் சொல்கின்றன. மனிதருக்கு அப்படி ஆகும் என்று இதனால் ஆகிவிடாது, ஆனால் இருமலுக்கு வேறு மருந்து இருக்கும்போது எதற்கு வம்பு? வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. எலிகளில் அந்த மாத்திரைகளின் வேகத்தை இலைச்சாறு கூட்டியிருக்கிறது. அம்மாவுக்கு உள்மருந்தாக வேண்டாம் என்றே சொல்வேன், சர்க்கரை மாத்திரையோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் போதுமான விவரம் கிடையாது.

பிள்ளை பெற்றவளுக்கு நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பாட்டுவது நம் பக்கம் இன்றும் நடக்கிறது. அதைத் தாராளமாகச் செய்யலாம். உடம்பு வலிக்கு இதம். தையல் போட்ட இடத்தில் தழைத்தூள் ஒட்டாமல் வடிகட்டி ஊற்றச் சொல்வேன்.

வாட்ஸப் செய்திக்கு வருகிறேன். கேஸ்டிசின் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்பது பொய்யில்லை, ஆனால் கண்ணாடித் தட்டில். தட்டில் இருக்கிற செல்லைக் கொல்ல உப்புத்தண்ணீரே போதும். நொச்சி கொடுத்து ஒரு மனிதரின் புற்றுநோய் குணமானதாக ஒழுங்கான ஆய்வு எதுவும் நான் பார்த்ததில்லை. இன்னொரு குழப்பம், மாதவிடாய்த் தொந்தரவுக்கு நொச்சிப் பழம் சாப்பிடச் சொல்லும் காணொளிகள். அவர்கள் படித்தது ஐரோப்பாவில் வளரும் ஒரு ஒன்றுவிட்ட தம்பிச் செடியைப் பற்றி. அதன் பழத்தில் உள்ள பொருள் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்கும், அதற்கு அங்கே ஆய்வுகளும் உண்டு. லத்தீன் பெயரில் முதல் பாதி ஒன்றாக இருப்பதைப் பார்த்து நம் வேலி நொச்சியின் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். பாம்புக்கடிக்கு நொச்சி வேர் என்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. சுண்டெலிகளில் விஷத்தோடு வேர்ச்சாற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது, அதை அச்சடித்து வைத்துக்கொண்டு வைத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கடித்தால் காலை ஆட்டாமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரி. சித்த மருத்துவனான நானே என் வீட்டில் அதைத்தான் செய்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வேலியைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். வேலியில் நொச்சி நின்றால் கொசு வராது என்பார்கள், சில வருடங்களுக்கு முன் சென்னையில் வீடுகளுக்கு நொச்சிக் கன்றுகூடக் கொடுத்தார்கள். வடித்த எண்ணெய்க்குக் கொசுவை விரட்டும் குணம் இருக்கிறது. ஆனால் சும்மா நிற்கும் செடி தன் பைகளை உடைத்து வாசனையை வீசாது என்பதால், செடி நட்டால் போதும் என்பதை நான் நம்பவில்லை. காய்ந்த தழையைப் புகை போட்டால் ஓடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புகை கொசுவைவிட மோசம். தானியத்துக்கு வைப்பதில் மட்டும் எனக்கு முழு நம்பிக்கை. அதிலும் ராகிக்கு அது தேவையே இல்லை, ராகி மணி அவ்வளவு சிறிது, பூச்சி அதை லேசில் தொடாது. பாட்டிமார் பழக்கத்தில் ராகிக் குதிருக்குள்ளும் போட்டு வைப்பார்கள். அவரைக்கொட்டை, தட்டைப்பயறு, துவரைக்கு வைத்துப் பாருங்கள், பயறு வண்டு ஏறுவது குறையும். நன்றாக உலர்ந்த தழையாக இருக்க வேண்டும். ஈரத்தழை வைத்தால் வண்டுக்குப் பதில் பூசணம்.

வேலியை வெட்டுவதும் வைப்பதும் உங்கள் வீட்டு முடிவு. ஆடு மாடு இதைச் சீண்டாது, வாய்க்கால் கரை மண்ணை வேர் பிடித்து வைக்கும், வேப்பிலை எருக்கோடு சேர்த்துப் பயிர்ப்பூச்சி விரட்டும் ஐந்திலைக் கரைசல் போடவும் தழை வேண்டியிருக்கும். கம்பி வேலியில் இதெல்லாம் கிடையாது என்று அண்ணனிடம் ஒரு தடவை சொல்லிப்பாருங்கள். கேட்கவில்லை என்றால், வெட்டும் நாளில் பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த கொம்பாகப் பார்த்து முழ நீளத்துக்கு நான்கைந்து துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் தண்ணீர் வடியும் இடத்தில் பாதி ஆழம் சாய்வாக நட்டுவிட்டால் மூன்று வாரத்தில் துளிர்க்கும். வெட்டிய அடிக்கட்டையும் சும்மா இருக்காது. வேரோடு தோண்டாத வரைக்கும் அடுத்த மழைக்குக் கம்பிக்கு நடுவே அது தானாகவே எட்டிப்பார்க்கும்.